மூன்று தரம் கூப்பிட்டோம்

அன்று எட்டாம் தர வகுப்பில் இருந்தவர்கள்:

டீச்சர். மதுரங்குளியிலிருந்து பஸ்ஸில் வருபவர். குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறார். என் வயதுக்காரர் அதைச் சமூகக்கல்வி என்போம்.

வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்த சேர். கழுத்தில் டை. சப்பாத்துக்குள் மணல்.

பிள்ளைகள் பதினொரு பேர். பன்னிரண்டாவது பிள்ளைக்குக் காய்ச்சல்.

மீனவர் சங்கச் செயலாளர். சங்கத்து ரப்பர் முத்திரையைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

புருசன் இல்லாத ஒரு மனுசி. முன்வாங்கில் முழங்கால் இடிக்க இருந்தாள். அது பிள்ளைகளின் வாங்கு.

அவளுடைய புருசன். செத்து இரண்டு வருடம். டெப் என்கிற கைக்கணினியில் இருந்தான்.

எங்கள் கோயில் புனிதர். அவரும் அதே டெப்பில்.

நான்.

டீச்சர் ஆள் எண்ணிப் பலகையில் பதினாறு என்று எழுதினார். டெப் பதினெட்டு என்றது. பாடம் அங்கிருந்து தொடங்கியது.

ஆனால் அதற்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும்.

எங்கள் கரையில் கரைவலை. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். வலையை வளைத்துப் போட்டு, மற்றத் தலைப்போடு கரைக்கு வரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். சில ஊர்களில் டிராக்டர் இழுக்கிறது. எங்கள் கரையில் இன்னும் கைதான். வள்ளத்தில் போகிறவர்களை விட்டு, கயிற்றுக்கு இருபத்துநாலு பேர் வேண்டும். அதற்குக் குறைந்தால் வலை வராது. கயிறு ஆளை இழுக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு வலை. இரண்டு வலை போட்டால் இருவருக்கும் வலையின் வெறும் மடிதான். ஆகவே முறை வைத்திருக்கிறோம். வலைகள் ஒன்பது. பத்தாவது முறை புனிதருக்கு.

கோயிலுக்கு என்று சொல்லவில்லை. புனிதருக்கு. சுவாமியார்கூட அந்த முறையில் கை வைப்பதில்லை. புனிதருக்குச் சொந்த வலை கிடையாது. அன்று எவருடைய வலை நல்ல நிலையில் இருக்கிறதோ அதைப் போடுவோம். வள்ளத்தின் முன்பலகையை வெறுமையாக விடுவோம். அது அவர் இருக்கும் இடம். வரும் மீன் நோயில் படுத்த வருத்தக்காரர் உள்ள வீடுகளுக்குப் போகும்.

முறை என் தலையில் இருந்தது. எனக்கு முன் என் மாமனாரின் தலையில் இருந்தது. கொப்பி இல்லை. எனக்கு வலையும் இல்லை. வலை இல்லாதவன்தான் முறை பார்க்கலாம்.

வலை போடும் முன் நான் வலைக்காரனை மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவன் ஓம் என்றால் வள்ளம் இறங்கும். மூன்று தரமும் மறுமொழி இல்லையென்றால் அன்றைய முறை அடுத்தவனுக்கு. கள்ளுக் குடித்துவிட்டு நித்திரையாய்ப் போனவர்கள் இப்படிப் பல நாள் இழந்திருக்கிறார்கள்.

புனிதரையும் மூன்று தரம் கூப்பிடுவேன். அவர் பேசமாட்டார். பேசாவிட்டால் சம்மதம்.

செத்தவனுக்கும் அப்படித்தான். எங்கள் கரையில் பெண்ணின் பேரில் முறை இல்லை; எங்கள் பெண்கள் கயிறு பிடிப்பதும் இல்லை. ஒருவன் செத்து, வீட்டில் ஆண்பிள்ளையும் இல்லை, வலை மட்டும் இருக்கிறது என்றால், முறையை அவன் பேரிலேயே விட்டுவைப்போம். அவள் வலையின் கிழிசல்களைப் பொத்திப் பார்த்து வைத்திருந்தால் போதும். முறையன்று கரையில் வந்து நிற்பாள். நான் அவனைக் கூப்பிடுவேன். அவள் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் முறை கேட்டது அவள் என்றாகிவிடும். அப்போது இல்லை என்று சொல்லவேண்டிவரும். இல்லை என்று சொல்ல எவருக்கும் விருப்பமில்லை. ஆகவே அவள் பேசாமல் நிற்பாள், செத்தவனும் பேசாமல் இருப்பான், நாங்கள் வலையைப் போடுவோம்.

இதில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. டீச்சர் செயலமர்வுக்குப் போகும்வரை.

ஆசிரியர் பயிற்சிக்கு மூன்று நாள் செயலமர்வு. போய்விட்டு இரண்டு டெப்போடு வந்தார். ஊரில் ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது பாடமாம். அதைக் கணினிக்கு விளங்கும்படி துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டுமாம். பிள்ளைகள் கரைவலை முறையைச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் குடையோடு கரைக்கு வந்தார்.

"அண்ணன், கம்பியூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது," என்றார். "சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி ஒவ்வொண்ணாச் சொல்லணும்."

சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லை என்றேன். இருந்தாலும் போனேன். நல்ல மனுசி. மழைக்காலத்தில் வகுப்புக் கூரை ஒழுகியபோது பிள்ளைகளைக் குடைக்குள் வைத்துப் படிப்பித்தவர்.

அந்த முதல் நாள் வகுப்பில் என்னைக் கதிரையில் இருத்தினார்கள். சுவரில் பெரிய கடதாசி. அதில் பெட்டிகளும் அம்புக்குறிகளும். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்பிள்ளை கேள்வி கேட்டாள். நான் ஓம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லவேண்டும். வேறு கதை கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒன்பது வலைக்காரரின் பேரையும் வாசித்து, ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வி கேட்டாள். ஆள் உயிரோடு இருக்கிறாரா? எட்டுப் பேருக்கு ஓம் என்றேன். ஐந்தாவது ஆளுக்கு இல்லை என்றேன். அவனுடைய சவப்பெட்டியின் ஒரு மூலையை நான்தான் தூக்கினேன். வேறு என்ன சொல்வது?

பிறகு புனிதர் வந்தார்.

"மாமா, புனிதர் உசிரோட இருக்காரா?"

நான் யோசித்தேன். பிள்ளைகள் பேனையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரைப் பார்த்தேன். அவர் எங்கள் சமயத்தவர் இல்லை. தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"அத நான் சொல்லக்கூடாது அண்ணன்," என்றார். "நீங்கதான் சொல்லணும்."

ஓம் என்றேன். வேறு விதமாகச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது?

அடுத்த கேள்வி பிறந்த வருடம். தெரியாது என்றேன். தெரியாது என்பது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை என்று அந்தப் பிள்ளை நினைவுபடுத்தினாள். டெப் ஆயிரத்துத் தொளாயிரத்துக்கு முந்திய வருடத்தை எடுக்காதாம். அதையே போட்டார்கள். அடுத்தது போன் இலக்கம். புனிதருக்குக் கிட்டத்தில் இருக்கும் ஆள் யார் என்று கேட்டுப் பார்த்து, என் இலக்கத்தைப் போட்டார்கள்.

இரண்டு நாளில் பட்டியல் வந்துவிட்டது. முறை நாளுக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வலைக்காரருக்கு மெசேஜ் போகும். வருவதென்றால் ஒன்று என்ற இலக்கத்தை அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் முறை அடுத்தவருக்கு.

செயலாளருக்குப் பட்டியல் மிகவும் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் கெஞ்சி ஒரு டெப்பைச் சங்கத்துக்கு வாங்கினார். பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி, சங்கச் சுவரில் ஒட்டினார்.

"இதுல கோவதாவம் கிடையாது மச்சான்," என்றார் என்னிடம். "நீ செத்தாலும் இது நிக்கும்."

நான் சாவதைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை.

அன்று பின்னேரம் அந்த மனுசி என் வீட்டுக்கு வந்தாள். படலைக்கு வெளியிலேயே நின்றாள். பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டு வலைக்காரர், புனிதர். அவளுடைய புருசன் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் முறை. அவள் ஒரு மாதமாக அந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். சோளகக் காற்று தொடங்க மூன்று கிழமைதான் இருந்தது. சோளகம் தொடங்கினால் கரைவலை இல்லை. அந்த வீட்டில் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும். மூத்தவளுக்குப் பரீட்சை.

"அண்ணன்," என்றாள், "நீங்க அவர ரெண்டாந்தரம் சாவடிச்சிட்டீங்க."

நான் சட்டையை எடுத்து மாட்டினேன்.

செயலாளரிடம் போனேன். முத்திரை விழுந்த கடதாசி, கையால் திருத்தமுடியாது என்றார். பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தில் கேட்கச் சொன்னார். முறை முப்பது வருடமாக என் தலையில் இருந்தது என்றேன். அங்கே முத்திரை குத்த இடமில்லை என்றார்.

அதற்குள் புனிதரின் நாள் வந்தது. முதல் நாள் மாலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

புனிதர் அவர்களுக்கு. நாளை உங்கள் முறை. சமுகமளிப்பீர்களாயின் 1 ஐ அனுப்பவும்.

நான் பல காரியங்கள் செய்திருக்கிறேன். கரிநாளிலும் கடலுக்குப் போயிருக்கிறேன். ஆனால் புனிதருக்குப் பதிலாகப் பதில் எழுதும் துணிவு எனக்கு இல்லை. போனைக் கோயில் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தேன். ஒரு மணித்தியாலம் பார்த்தேன். அவர் அனுப்பவில்லை. ஏழு மணிக்கு அடுத்த மெசேஜ் வந்தது. புனிதர் சமுகமளிக்காத காரணத்தால் அவருடைய முறை அடுத்தவருக்கு வழங்கப்பட்டுள்ளதாம்.

காலையில் அந்த அடுத்தவன் வலையோடு கரையில் நின்றான். மெசேஜை வாசிக்காமல் ஒன்றை அமத்திவிட்டானாம். வள்ளத்தின் முன்பலகை வெறுமையாக இருந்ததைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு மணலில் இருந்துவிட்டான். தனக்குப் புனிதரோடு கோபமில்லை, முத்திரையோடும் கோபமில்லை என்றான். செயலாளர் டெப்பில் அவனை வரவில்லை என்று பதிந்தார். டெப் அடுத்தவனின் பேரைக் காட்டியது. அவன் அங்கேயே நின்றான். எடுக்கிறாயா என்று கேட்டதற்கு, தன் பெண்சாதி பிள்ளைத்தாச்சி, இந்த நேரத்தில் புனிதரின் முறையை எடுத்து வீண்வம்பு வேண்டாம் என்றான். அவனையும் பதிந்தார். இப்படி எட்டுப் பேரும் கரையில் வரிசையாக நின்றபடியே வராமல் போனார்கள்.

நான் புனிதரை மூன்று தரம் கூப்பிட்டேன். வலை போட்டோம். மடி நிறையச் சாளை. கீரிமீனும் இருந்தது. அந்த நேரத்தில் டெப் கடைசி முடிவைச் சொன்னது. செயலாளர் அதைச் சத்தமாக வாசித்தார்.

"இன்று எவரும் சமுகமளிக்கவில்லை. மீன்பிடி இல்லை."

மீன் துள்ளி டெப்பில் விழுந்தது. அவர் அதைத் துடைத்தார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

அந்த அடுத்த நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். வலயத்துச் சேரும் அன்றுதான் பாடம் பார்க்க வந்தார். பிழை வந்திருக்கிறது என்று டீச்சர் பயந்து பயந்து சொன்னார். சேரின் முகம் மலர்ந்தது. பிழை பிடித்துத் திருத்துவதுதான் இந்தப் பாடத்தின் உயிர் என்றார். இதைவிட நல்ல பிழையை அவர் வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் காணவில்லையாம். அந்த மனுசியைப் படம் எடுத்தார். அவள் சீலைத்தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

இரட்டைப் பின்னல் பிள்ளை கடதாசிக்கு முன் நின்றாள். முதல் பெட்டியே பிழை என்றாள். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டிருக்கக்கூடாதாம். ஒரு பொடியன் எழும்பி, ஓம், இல்லை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வைக்கலாம் என்றான். செத்தாலும் இருக்கிறார் என்று.

சேர் சிரித்தார். கணினிக்கு இரண்டுதான் உண்டு என்றார்.

"இந்தக் கரைக்கு மூணு வேணும் போல சேர்," என்றார் டீச்சர்.

பின்னல்காரி செயலாளர் பக்கம் திரும்பினாள். செத்தவருடைய பேரை எடுத்துவிட்டு அந்த மாமியின் பேரையே போட்டால் என்ன என்று கேட்டாள். அப்படி வழக்கமில்லை என்றார் செயலாளர்.

"போடலாமா? ஓமா, இல்லையா?"

செயலாளர் முத்திரையைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். அங்கே சங்கத்தின் பேர் தலைகீழாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நானும் சொல்லவில்லை. ஓம் என்றால் கரையில் சண்டை. இல்லை என்றால் அவள் முன்வாங்கில் இருக்கிறாள்.

பிள்ளை வேறு கேள்வி கேட்டாள். கூப்பிட்டால் பேசமாட்டார்கள் என்று முதலிலேயே தெரிந்த ஆட்கள் யார்? புனிதரும் அவனும் என்றேன். அப்படியென்றால் அந்த இருவருக்கும் சத்தம் இல்லையென்றால் ஓம். மற்றவர்களுக்குச் சத்தம் இல்லையென்றால் இல்லை. இரண்டு அம்புக்குறியை மாற்றிப் போட்டாள். முப்பது வருடம் என் தலையில் இருந்தது இரண்டு அம்புக்குறிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சரி பார்க்கவேண்டும் என்றார் டீச்சர். வகுப்பில் இருப்பவர்களையே வைத்துப் பார்ப்போம். டெப்பில் காலையிலேயே பதிந்திருந்த பதினெட்டுப் பேரையும் எடுத்தார்கள். ஒரு பிள்ளை பேர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டது. ஒவ்வொருவரும் ஓம் என்றோம். சேரின் பேர் வந்தபோது அவர் வெளியே மாமரத்தடியில் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் கூப்பிட்டார்கள். அவர் கையைக் காட்டினார். கை கணக்கில்லை. டெப் அவருடைய பேருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டது. நீக்கப்பட்டது.

புனிதரைக் கூப்பிட்டார்கள். சத்தமில்லை. சம்மதம்.

பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு தரம். அந்த மனுசி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இரண்டு. கடல் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று.

சம்மதம் என்றது டெப்.

அவள் முகத்தைத் துடைத்தாள். வெக்கை என்றாள்.

சேர் உள்ளே வந்தார். "சேர், நீங்க இல்ல," என்றது ஒரு பிள்ளை. அவர் டெப்பைப் பார்த்தார். தான் உயிரோடு வந்து நிற்பதாக விளக்கினார். உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியை இப்போது எடுத்துவிட்டதாகப் பின்னல்காரி மரியாதையாகச் சொன்னாள். திருத்திவிடும்படி கேட்டார். அதற்குள் செயலாளர் முத்திரையைக் குத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு என்று முடிந்தது. நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சங்க வாசலில் சனம். செத்தவர்களுக்கும் முறை உண்டு என்று முத்திரையோடு வந்துவிட்டதே. ஒருவன் தகப்பனின் பேரைக் கொடுத்தான். ஒருவன் தகப்பன், பாட்டன் இருவரையும் கொடுத்தான். கடற்கரைக்கே வராத தையல்காரன் பூட்டனின் பேரோடு வந்தான். என் பெண்சாதியும் எனக்குச் சொல்லாமல் தன் தகப்பனின் பேரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவர் எனக்கு முன் முறை பார்த்தவர். வலையே வைத்திருக்கவில்லை. செயலாளர் தன் தம்பியைப் போட்டார். தம்பி சாகவில்லை. இத்தாலியில் இருக்கிறான்.

"கூப்பிட்டாப் பேசமாட்டான்தானே," என்றார். "அந்தக் கேள்விதான் மச்சான் கடதாசியில இருக்கு."

சனிக்கிழமை பொழுதுபடுமுன் புதிதாக இருபத்தெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். பேசாதவர்களை டெப் பிறந்த வருடப்படி வரிசையாக்கியது. மூத்தவர் முன்னே. புனிதர் முதலாவது. பிறகு ஊரிலுள்ள பூட்டன்மார், பாட்டன்மார், தகப்பன்மார். அவளுடைய புருசன் சாகும்போது நாற்பத்தாறு வயது. செத்தவர்களில் அவன் இளந்தாரி. இத்தாலிக்காரனுக்கும் பின்னால், கடைசியில் இருந்தான். சோளகம் தொடங்கி எத்தனையோ நாளுக்குப் பிறகுதான் அவன் முறை.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவளைக் கண்டேன். என்னைப் பார்க்காமல் போனாள். இந்தத் தடவை என்மேல் குற்றம் சொல்லவும் இல்லை. அது பெரிய தண்டனை.

திங்கட்கிழமை காலை பஸ் வரும் இடத்தில் டீச்சருக்காகக் காத்து நின்றேன். விசயத்தைச் சொன்னேன். அவர் குடையை விரிக்க மறந்து வெயிலில் நின்றார்.

"அண்ணன், நாங்க என்னத்தக் கேக்காம விட்டம்?"

"வலை இருக்கா எண்டு கேக்கல்ல."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"ஓம், இல்லை மட்டும் சொல்லச் சொன்னீங்க."

டீச்சர் குடையை விரித்தார். பிறகு மற்ற ஆசிரியர்களிடம் பாடவேளைகளை மாற்றி வாங்கி, பிள்ளைகளைக் கொப்பியோடு வீடு வீடாக அனுப்பினார். களப்பயணம் என்று பதிவேட்டில் எழுதினார்.

செத்தவருக்கு வலை இருக்கிறதா? இருந்தால் காட்டவேண்டும். எது வலை, எது வலையில்லை என்பதற்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஓட்டைக்குள் பிள்ளையின் தலை போனால் வலை இல்லை. தையல்காரனின் பூட்டனுடைய வலை கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்தது. ஒன்று கத்தரிப் பாத்திக்கு வேலியாக நின்றது. ஒன்றைப் பந்தடிக்கும் இடத்தில் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். செயலாளர் தன் தம்பியின் வலை என்று ஒன்றை வீட்டு மச்சிலிருந்து இறக்கினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை தலையை விட்டது. தலை போனது. திரும்பி வரவில்லை. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள். அதோடு அந்த வலைக்கும் முடிவு வந்தது.

இருபத்தெட்டுப் பேருக்கும் இல்லை. கடைசியாக அந்த மனுசியின் வளவுக்குப் போனார்கள். வலை நிழலில் விரித்துக் கிடந்தது. பதினொரு பிள்ளைகளும் மண்டியிட்டு ஓட்டை தேடினார்கள். ஒருவருக்கும் தலை போகவில்லை. ஒரு பிள்ளைக்கு விரல்கூடப் போகவில்லையாம்.

பின்னல்காரி ஓம் என்று எழுதினாள். எழுதிவிட்டு நின்றாள். இன்னும் ஒரு ஆள் இருந்தார்.

"மாமா, புனிதருக்கு வலை இருக்கா?"

இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். இப்போது அவரையும் நீக்கவேண்டும். டீச்சர் மறுபடியும் வேறு பக்கம் பார்த்தார். பிள்ளைகளில் ஒருவன் அழத் தொடங்கினான். அவனுடைய வீட்டில் தாய்க்கு வருத்தம். புனிதரின் மீன் அங்கே போவது.

அந்த மனுசி வலையின் ஒரு மூலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதையே அவருக்கும் எண்டு போடுங்க," என்றாள். "அவர் பத்து நாளைக்கு ஒருக்காத்தானே கேக்கிறார்."

போட்டார்கள். டெப் ஏற்றுக்கொண்டது. செயலாளர் முத்திரை குத்தும்போது முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கரைக்குப் போனேன். காற்று எட்டரைக்கு மாறும். அதற்குமுன் வலை விழவேண்டும். வள்ளக்காரர் நாலு பேரும் தயார். அவள் வலைக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையோடு டெப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் கயிற்றாட்களை எண்ணினேன். இருபத்திரண்டு.

மற்றவர்கள் வரவில்லை. பாட்டனை நீக்கியவர்களுக்குக் கயிறு பிடிக்கமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். செயலாளர் வந்திருந்தார். ஆனால் தனக்கு முதுகுவலி, பார்க்கத்தான் வந்தேன் என்றார்.

எட்டு மணி ஆனது. இருபத்திரண்டுதான். பிள்ளைகள் தாங்கள் பிடிக்கிறோம் என்றார்கள். பிள்ளைகளைக் கயிறு பிடிக்க விடுவதில்லை. அவள் வலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டுப் பத்துக்கு ஒரு த்ரீவீல் மணலில் புதைந்து நின்றது. டீச்சரும் சேரும் இறங்கினார்கள். பாடத்தின் விளைவைப் பார்க்க வந்தாராம் சேர். டீச்சர் நிலைமையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குடையை மணலில் குத்திவிட்டுத் தெற்குப் பக்கக் கயிற்றடிக்குப் போனார். சேர் டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

நான் அவனுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு தரம்.

சத்தமில்லை.

இரண்டாம் தரம் கூப்பிட்டேன்.

"ஓம்," என்றார் சேர்.

கரை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. போன கிழமை பேசாததால் நீக்கப்பட்டவர். இந்த முறை பிந்தக்கூடாது என்று நினைத்திருப்பார். செத்தவனுக்காக ஒருவர் வாய் திறந்துவிட்டார். என் முப்பது வருடத்தில் இப்படி நடக்கவில்லை. வாய் திறந்தவருக்குத்தான் முறை என்றால் இது இப்போது வலயத்துச் சேருடைய முறை. செயலாளர் முதுகுவலியை மறந்து கிட்டே வந்தார். அவளுடைய முகம் வெளிறிப்போனது. வாய் மட்டும் திறக்கவில்லை.

பின்னல்காரி டெப்பைத் தட்டிப் பார்த்தாள்.

"சேர நீக்கியாச்சு மாமா," என்றாள். "அவர்ட சத்தம் கணக்குல வராது."

"அப்ப அவர்ட கையும் வராதே," என்றார் செயலாளர். "இருபத்திமூணுதான் நிக்குது."

அவள் மறுபடியும் பார்த்தாள். "சத்தத்தத்தான் நீக்கினது. கைய இல்ல."

செயலாளர் முத்திரையை எடுக்கவில்லை. அது அவருடைய முத்திரை விழுந்த சட்டம்தான்.

மூன்றாம் தரம் கூப்பிட்டேன். சேர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சத்தமில்லை. போடு என்றேன். வள்ளம் இறங்கியது.

வலை வளைந்து விழுந்து மற்றத் தலைப்பு கரைக்கு வந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் பிரிந்தார்கள். இழுக்கத் தொடங்குமுன் ஒருதரம் எண்ணுவது வழக்கம். வடக்குக் கயிற்றில் பன்னிரண்டு. தெற்குக் கயிற்றில் டீச்சரையும் சேரையும் சேர்த்துப் பன்னிரண்டு இருக்கவேண்டும். எண்ணினேன். பிழை என்று திரும்ப எண்ணினேன். சேருக்குப் பின்னால், கயிற்றின் கடைசியில், அவள் நின்றாள். காலை மணலில் ஊன்றியிருந்தாள். வாய் மூடித்தான் இருந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கணக்கைச் சத்தமாகச் சொன்னேன்.

இருபத்தைந்து.